இடப்பக்கத்து ஜோடிக்கும் ஒரு வணக்கம்

கந்தளாய்க்கு அப்பால் மூன்றாவது சோதனைச்சாவடியில் என் வயலின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

பேருந்தில் இருந்த எல்லோரும் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு வெயிலில் வரிசையாக நடந்து, மறுமுனையில் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு இடங்களில் என் இந்தியக் கடவுச்சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மூன்றாவது இடத்து சிப்பாய்க்குப் பொழுது நிறைய இருந்தது. என் பைக்குள் இருந்த அட்டைப்பெட்டியிலிருந்து எட்டு ஜோடி வெள்ளைக் கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினான். சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்குப் பின்னால் நின்ற புல்மோட்டைக்காரப் பெண்மணி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே தமிழில் சொன்னார்: "நீங்க டொக்டரோ எண்டு கேக்கிறார்."

"இல்லை, கல்யாண வீட்டுக்கு. ஆடுகிறவர்கள் போட்டுக்கொள்ள."

அவர் மொழிபெயர்த்தார். சிப்பாய் நம்பவில்லை. வயலினை எடுத்து, அதன் வளைந்த துளை வழியாக உள்ளே பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"வாசிச்சுக் காட்டட்டாம். வாசிச்சா உங்கடதுதானாம்."

நடுவீதியில், அறுபது பயணிகள் பார்த்திருக்க, ஒரு பழைய வால்ட்ஸ் வாசித்தேன். வெயிலில் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கியிருந்தது. சிப்பாய் முகத்தில் மாற்றமே இல்லை. முடித்ததும் நீளமாக ஒரு வாக்கியம் சொன்னான்.

"இது அழுகிற மாதிரி இருக்காம். கலியாணத்துக்குப் போறவ சந்தோசமா ஒண்டு வாசிக்கட்டாம்."

போல்கா ஒன்று வாசித்தேன். எட்டாவது அடியில் அவன் பூட்ஸ் தரையைத் தட்டத் தொடங்கியது. கையுறைகளை அவனே மடித்து வைத்துக் கொடுத்தான். பேருந்து புறப்பட்டபோது புல்மோட்டைப் பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு வாழைப்பழம் தந்து, "இன்னும் ரெண்டு செக்பொயின்ற் இருக்கு மகள். வில்லைக் கையிலயே வச்சிருங்கோ" என்றார்.

நான் ஏன் அந்த நாட்களில் திருகோணமலைக்குப் போனேன் என்று பாளையங்கோட்டையில் இன்றும் கேட்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வடக்கிலும் கிழக்கிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் ஒரு தேவாலய விழாவுக்கு நான் இசை சொல்லிக்கொடுக்கும் பெண்கள் பள்ளியின் பாடகர் குழுவோடு வயலின் வாசிக்கப் போயிருந்தேன். விழா முடிந்து குழு ஊர் திரும்பியது. எனக்கு ஆறு நாள் விடுப்பு மிச்சம்.

எங்கள் பள்ளி அலுவலகத்தில் மேரி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். திருகோணமலை பாலையூற்றுக்காரி, பறங்கியர் சமூகம். போர்த்துக்கீசர் காலத்தில் வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். வெளியே தமிழ் பேசுவார்கள், வீட்டுக்குள் பெரியவர்கள் உடைந்த போர்த்துக்கீசும் பேசுவார்கள். அகதியாகப் படகில் வந்து, மண்டபம் முகாமில் கல்யாணம் செய்துகொண்டவள். ஊரில் அவள் தங்கை பிலோமினாவுக்குக் கல்யாணம். மேரிக்குக் கைக்குழந்தை, போக வழியில்லை. கையுறைகள் அவள் அனுப்பியவை.

அதற்காக மட்டும் போயிருக்க மாட்டேன். பள்ளியின் பழைய பண்டகசாலையில், விக்டோரியா ராணி காலத்து இசைத்தாள் கட்டு ஒன்றைச் சில வருடங்களுக்கு முன் கண்டெடுத்திருந்தேன். அதில் 'லான்சர்ஸ்' என்றொரு நடனத்துக்கான இசை இருந்தது. நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஐந்து சுற்றுகள் ஆட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே யார் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எங்கே வணங்க வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. நூறு தடவை வாசித்திருக்கிறேன். ஒருவர் ஆடியும் பார்த்ததில்லை. இங்கிலாந்திலேயே அது வழக்கொழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மேரி கதவில் சாய்ந்து கேட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "இது எங்கட கலியாண வீட்டில ஆடுறதெல்லே?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருகோணமலையில் இறங்கியபோது மாலை நான்கு மணி. தெருவில் புள்ளிமான்கள் நின்றன. ஒன்று தேநீர்க்கடை வாசலில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த இடத்தில் ஒரு எருமை நிற்கும். மணல்மூட்டைக் காவலரணில் இருந்த சிப்பாய் மானுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டே என் கடவுச்சீட்டைப் பார்த்தான்.

பாலையூற்றில் ரொசைரோ அங்கிள் வீடு எளிதாகக் கிடைத்தது. மணமகளின் அப்பா அவர். வீட்டின் பக்கவாட்டில் கொல்லுப்பட்டறை. நான் போனபோது ஒரு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார். சம்மட்டியை வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்து, "மேரிட ரீச்சரோ? வாங்கோ, வாங்கோ. கதிரையில இருங்கோ" என்றவர் உள்ளே திரும்பி, "மாகிரட்! மேரிட்டயிருந்து ஆள் வந்திருக்கு!" என்று கத்தினார்.

அவர் மனைவி மாகிரட் அன்ரி சமையலறையிலிருந்து ஓடிவந்தார். கையுறைப் பெட்டியைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மேரியின் குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று கேட்டார். மூன்று என்றேன். "மூண்டு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும். சொதி என்றதும் நான் திடுக்கிட்டேன். திருநெல்வேலியில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வைப்பது. முருங்கைக்காயும் இஞ்சிப் பச்சடியுமாக ஒரு பெரிய ஏற்பாடு. "இங்கே நாளும் சொதியா?" என்று கேட்டேன். அன்ரி பயந்துபோய், "ஏன், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதோ?" என்றார். தினமும் மறுவீடு நடக்கிற ஊருக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நாலு தட்டு இடியப்பம் சாப்பிட்டேன்.

மூன்றாவது தட்டில் துறைமுகப் பக்கமிருந்து 'தம்' என்று ஒரு அதிர்வு வந்தது. மேசையில் தண்ணீர் நடுங்கியது. நான் எழுந்துவிட்டேன். ஒருவரும் தலை நிமிரவில்லை.

"நேவிக்காரர் கடலுக்குள்ள குண்டு போடுறாங்கள், ரீச்சர்" என்றாள் பிலோமினா. "கப்பலுக்கு அடியில ஆரும் நீந்தி வரக்கூடாதெண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்ரண்டு போடுவாங்கள். இருங்கோ, சொதி ஆறுது."

இருபத்தெட்டு வயது பிலோமினா தையற்காரி. தன் கல்யாண உடையைத் தானே தைத்துக்கொண்டிருந்தாள். என் நோட்டுப்புத்தகத்தில் ஒட்டியிருந்த அந்தப் பழைய இசைத்தாளின் அட்டைப் படத்தைக் காட்டினேன்; மணி கவிழ்த்தது போன்ற பாவாடைகளில் விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள். அவள் நடனத்தைப் பார்க்கவில்லை. "இந்த ஒரு பாவாடைக்குப் பத்து யார் துணி வேணும்" என்றாள். "உள்ளுக்குள்ள பிரம்பு வளையம் வச்சுக் கிடாரம் மாதிரித் தைச்சிருக்கிறாங்கள். இதைப் போட்டுக்கொண்டு செக்பொயின்ற்றால போகேலுமே?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. கல்யாணம் சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் காலை ஒன்பது மணிக்குப் பூசை, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்கு நடனம், ஐந்தரைக்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். பகலில் நடக்கிற நடன விருந்தை விக்டோரியா ராணி ஒப்புக்கொண்டிருப்பாரா தெரியாது.

காலையில் இறங்குதுறைக்குப் போன அங்கிள் தனியாகத் திரும்பி வந்தார். வயலின் வாசிக்கிறவர் அன்ரியின் தம்பி லூயிஸ். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் ஒரு வீட்டுக்குக் கூரை மரவேலை செய்யப் போனவர். அன்று காலை மூதூரிலிருந்து புறப்படும் முதல் லோஞ்சில், அதாவது விசைப்படகில், வருவதாக ஏற்பாடு.

"மூதூர் லோஞ்ச் ஓடேல்ல" என்றார் அங்கிள். "அங்கால ஏதோ பிரச்சினையாம். எப்ப விடுவாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அன்ரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ கசெட் போடலாமே என்றார்கள். மின்சாரம் நிலையில்லை என்றார்கள். நடனத்தை விட்டுவிடலாம், சாப்பாடு போதும் என்று ஒரு குரல் வந்தது. அன்ரி தலையைத் தூக்கினார்.

"மேரிக்கு முகாமில தகரத்துக்குக் கீழ கலியாணம் நடந்தது. நான் போகேல்ல. பாட்டில்லை, ஆட்டமில்லை. பாதர் ஆசீர்வதிச்சார், முடிஞ்சுது. இந்தப் பிள்ளைக்கும் அப்படி நடக்க விடமாட்டன். லான்சர்ஸ் ஆடாமல் இந்த வீட்டில கலியாணம் நடந்ததெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது."

பிலோமினா வாயில் குண்டூசியோடு என் பக்கம் திரும்பினாள். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"ரீச்சர், உங்கட பெட்டிக்குள்ள இருக்கிறது என்ன?"

எனக்குக் காகிதத்தில் உள்ளதுதான் தெரியும் என்றேன். உங்கள் மெட்டு வேறு, கால் வேறு, நான் கெடுத்துவிடுவேன் என்றேன். சொல்லும்போதே கை பெட்டியின் கொக்கியைக் கழற்றிவிட்டது.

அன்றைய பகலை நான் மறக்கவே மாட்டேன். பிலோமினா தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே ஒவ்வொரு சுற்றாகப் பாடினாள். மிதியின் தாளத்தில் நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு நடேசன், தபால் அலுவலகத்தில் எழுத்தர், நெற்றியில் திருநீறோடு மேண்டலினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து வருடமாக அந்தத் தெருவின் பறங்கிக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான் மேண்டலின். அங்கிள் ரபான் எடுத்தார்; மடியில் வைத்துத் தட்டுகிற அகன்ற தோல்வாத்தியம்.

முதல் சுற்றின் மெட்டை அவள் பாடியதும் வில் நின்றுவிட்டது. என் இசைத்தாளில் உள்ளதேதான். ஆனால் கடல்காற்றில் நூறு வருடம் உலர்த்தியது போல. ஓரங்கள் உருண்டு, நடுவில் ஒரு துள்ளல் ஏறி, கடைசியில் பைலா என்கிற இலங்கை ஆட்டப்பாட்டின் இடுப்பசைவு வந்து ஒட்டியிருந்தது. "என்ன, பிழையோ?" என்றாள். "இல்லை. இன்னொரு தடவை பாடுங்கள்" என்றேன். ஐந்து தடவை பாட வைத்தேன். மூன்றாவது சுற்றில் பெண்கள் நடுவுக்கு வந்து முழங்கால் மடக்கி வணங்கும்போது இசை ஒரு மூச்சு நிற்க வேண்டும். அச்சிட்ட தாளிலும் அந்த இடத்தில்தான் நிறுத்தற்குறி இருந்தது. யாருமே தாளைப் பார்க்காமல் அந்த மூச்சை இவ்வளவு காலம் காப்பாற்றி வைத்திருந்தார்கள்! நான் கத்திவிட்டேன். நடேசன் பயந்து மேண்டலினைக் கீழே வைத்தார்.

நான்காவது சுற்று மட்டும் என் கையில் நிற்கவில்லை. தாளில் உள்ளது நீளம். முதல் ஜோடி வலப்பக்கத்து ஜோடியிடம் போய் வணங்கி, பிறகு இடப்பக்கத்து ஜோடியிடமும் போய் வணங்கித் திரும்ப வேண்டும். பாலையூற்றில் வலப்பக்கம் மட்டும்தான். எட்டு பார், அதாவது எட்டுத் தாளக்கட்டம், குறைவு. என் விரல்கள் பழக்கதோஷத்தில் இடப்பக்கத்துக்கும் சேர்த்து ஓடின.

"அங்க நிப்பாட்டோணும் ரீச்சர்" என்று பிலோமினா நாலு தரம் சொன்னாள். ஐந்தாம் தரம் நிறுத்தினேன்.

சனிக்கிழமை. பூசை முடிந்தது. மணமகன் அந்தோனி, பேருந்து டிப்போவில் மெக்கானிக். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கிறீஸ் போகவில்லை என்று கையுறைக்காகக் காத்திருந்தான். சாப்பாட்டுக்கு மஞ்சள் சோறு, மாட்டிறைச்சி, அறக்குளா மீன் பொரியல், பிறகு ரவையில் செய்த லவ் கேக். நடேசனுக்குத் தனியாக வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, தரையைச் சாணியும் கரியும் கலந்து மெழுகி, காயவைத்து, சப்பாத்து வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் குருமணல் தூவியிருந்தார்கள்.

சரியாக இரண்டு மணிக்கு நான்கு ஜோடிகள் சதுரமாக நின்றன. வேர்வையில் கோட்டு நனைந்த ஆண்கள், பிலோமினா தைத்த நீள உடைகளில் பெண்கள், பதினாறு வெள்ளைக் கைகள். முற்றத்தைச் சுற்றி மதிலுக்கு வெளியேயும் தெரு முழுக்கத் தலைகள்.

நான் ஆரம்ப நாதத்தை இழுத்தேன். பதினாறு கைகளும் ஒரே வீச்சில் எழுந்தன. நூறு தடவை தனியறையில் வாசித்தபோது என் மனதுக்குள் நடந்தவர்கள் உடம்போடு என் முன்னால் நடந்தார்கள். வில் தானாக ஓடியது. முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவதில் நான்கு பெண்களும் நடுவில் அமிழ்ந்து வணங்கியபோது, நான் அந்த ஒரு மூச்சு நிறுத்தினேன். தார்ப்பாய் படபடத்த சத்தம் மட்டும் கேட்டது. அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்காவது தொடங்கியது. பிலோமினாவும் அந்தோனியும்தான் முதல் ஜோடி. வலப்பக்கம் போனார்கள். குனிந்தார்கள். அந்த நொடியில் துறைமுகத்தில் குண்டு வெடித்தது. மிக அருகில், மற்ற நாள்களைவிடக் கனமாக. தரைக்கு அடியிலிருந்து ஒரு உதை. என் வில் ஒரு பார் தடுமாறித் தடம் புரண்டது. அவர்களின் மெட்டு துடைத்ததுபோல் மறந்துபோயிற்று. ஆனால் கை நிற்கவில்லை. எது நெஞ்சில் பல வருடமாகப் பதிந்திருந்ததோ அது வந்தது: அச்சிட்ட நான்காவது சுற்று.

தவறு என்று தெரிந்தது. நிறுத்தினால் நடனமே நின்றுவிடும். நடேசன் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், என் பின்னால் வந்தார். அங்கிள் ரபானில் தாளத்தை விடவில்லை. அந்த ஜோடி திரும்பித் தங்கள் இடத்துக்கு வர வேண்டிய பார் வந்தது, போனது, இசை முடியவில்லை. எட்டு பார் மிச்சம். பிலோமினா நடுவில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, சட்டென்று அந்தோனியின் கையை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் நடந்தாள். இடப்பக்கத்து ஜோடி விழித்தது. பிலோமினா அவர்களுக்கு முன்னால் போய், பாவாடையை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கால் மடக்கி ஒரு பெரிய வணக்கம் வைத்தாள். அவர்களும் அவசரமாக வணங்கினார்கள். பிறகு நேராகத் தன் இடத்துக்கு வந்தாள். கடைசி நாதமும் அவள் காலும் ஒன்றாக நின்றன.

அச்சிட்ட தாளில் இருந்தது அதேதான். ஒரு அடிகூட மாறாமல். அந்த வீட்டில் யாரும் படித்திராத ஒரு வரியை அவள் இசை இழுத்த வழியில் நடந்து கண்டுபிடித்துவிட்டாள். அடுத்தடுத்த ஜோடிகளும், தங்கள் முறை வந்ததும், கேட்காமலே இரண்டு பக்கமும் போய் வணங்கின. தெருவில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ஐந்தாவது சுற்றும் முடிந்து நான் வில்லை இறக்கியபோது, மதில் வாசலில், எப்போது வந்தாரோ தெரியாது, ஒருவர் வயலின் பெட்டியை இடுக்கிக்கொண்டு, முழங்கால்வரை கடல்நீர் ஊறிய காற்சட்டையோடு நின்றார். அன்ரி பாய்ந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். லூயிஸ் அங்கிள். மத்தியானம் லோஞ்ச் விட்டிருந்தது. ஏறக்கூட இடமில்லாமல் பக்கப் பலகையில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் என்னிடம் நேராக வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நாலாவதில இடப்பக்கமும் போனவையள். ஏன்?"

பிலோமினா முந்திக்கொண்டாள். "பாட்டு முடியேல்ல மாமா. பாட்டு ஓடேக்க நடுமுத்தத்தில சும்மா நிக்கேலுமே?"

நான் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து அந்தப் பொடி எழுத்து வரியைக் காட்டி, தமிழில் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு, அந்த வரியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ர அப்பா வாசிக்கேக்கயும் வலப்பக்கம் மட்டும்தான்" என்றார். "நான் சின்னனா இருக்கேக்க கேட்டனான், இடப்பக்கத்தில நிக்கிற சனம் என்ன பாவம் செய்தது, அவைக்கு மட்டும் ஏன் வணக்கம் இல்லை எண்டு. ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல." பெட்டியைத் திறந்தார். "அந்த எட்டைத் தாங்கோ. திரும்பவும் ஆடுவம்."

ஒரு தடவை வாசித்தேன். ஒரே தடவை. அவர் அதை வாங்கித் தன் வில்லால் உருட்டி, துள்ளல் ஏற்றி, பாலையூற்றுப் பாட்டாகவே திருப்பித் தந்தார். என் வயலினை நடேசன் மெதுவாகப் பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க ஆடுங்கோ ரீச்சர்" என்றார் ரொசைரோ அங்கிள். ரபானை உறவுக்காரப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து கையை நீட்டினார். கொல்லன் கை; ஆடி முடித்த ஒருவரிடம் வாங்கி மாட்டிய கையுறை விரல் நுனியில் கிழிந்திருந்தது.

என் வாழ்நாளில் நான் ஆடியதில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாடலாம், வாசிக்கலாம், ஆடக் கூடாது. அம்மா பார்த்தால் மயங்கி விழுவார் என்று சொன்னேன். "அம்மா எங்க இருக்கிறா?" என்று கேட்டார். பாளையங்கோட்டையில் என்றேன். "அப்ப வாங்கோ."

காகிதத்தில் ஐந்து சுற்றும் எனக்கு மனப்பாடம். கால்களுக்கு அது தெரியவில்லை. முதல் சுற்றிலேயே எதிரே வந்த பெண்ணை முட்டினேன். இரண்டாவதில் யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். நான்காவதில் அங்கிள் என்னை வலப்பக்கம் கூட்டிப்போனார், பிறகு "இடம்! இடம்!" என்று அவர் கத்த, இடப்பக்கத்து ஜோடியான அந்தோனியும் பிலோமினாவும் சிரித்துக்கொண்டே எங்களை எதிர்பார்த்து நின்றார்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து முழங்கால் மடக்கினேன். ஐந்தாவது சுற்றின் சங்கிலியில் ஒரு கை விட்டு மறு கை, மறு கை விட்டு அடுத்த கை என்று எல்லாக் கைகளையும் பிடித்துக் கடந்து சுற்றிவந்தேன். மூச்சு முட்டியது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதன் பிறகும் பைலா, போல்கா என்று ஆடி முடிந்தபோது மணி ஐந்து பத்து. தூரத்திலிருந்து வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றி, குடைகளையும் பிள்ளைகளையும் தேடத் தொடங்கினார்கள். மாகிரட் அன்ரி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோரையும் புறப்படச் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம்.

"செக்பொயின்ற்றுக்கு நடந்து போக கால் மணித்தியாலம்" என்றார் சத்தமாக. "ஐஞ்சரைக்கு வெளிக்கிட்டாலும் காணும், ஊரடங்குக்கு முதல் கடந்திடலாம். லூயிஸ், வில்லை ஏன் உள்ள வைக்கிறாய்? நான் இன்னும் ஆடேல்ல."

செருப்பை ஒரு பக்கம் உதறிவிட்டு, வெறுங்காலோடு முற்றத்தின் நடுவுக்கு வந்து நின்று கணவனைப் பார்த்தார்.